போக்கிடம்

நுழையும்முன்

வீட்டிலிருந்து நாள்தோறும் வெளியேறும் குப்பை, வாசலைக் கடந்ததும் கண்ணிலிருந்தும் கருத்திலிருந்தும் மறைந்துவிடுகிறது. உண்மையில் அது மறைவதில்லை; இடம் மாறுகிறது. மண்ணுக்குத் திரும்புவது எது, பழைய பொருள் கடைக்குச் செல்வது எது, எங்கும் செல்ல வழியின்றித் தேங்கி நிற்பது எது என்று பிரித்தறியும் பழக்கத்தை அன்றாட வாழ்வில் வைத்து விளக்குகிறது இப்பாடம்.

குப்பை என்னும் சொல்

தமிழில் 'குப்பை' என்பது முதலில் இழிவான பொருளைக் குறித்த சொல் அன்று. குவிந்து கிடப்பது எதுவோ அது குப்பை. சங்க இலக்கியத்தில் உப்பின் குவியலும் நெல்லின் குவியலும் குப்பை என்றே சுட்டப்பட்டன. பெருக்கித் தள்ளிய கூளமும் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதே என்பதால் அதற்கும் அப்பெயர் பொருந்திற்று. காலப்போக்கில் மற்றப் பொருள்கள் வழக்கொழிந்து, வேண்டாதது என்னும் பொருள் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால், அந்த வேண்டாத குவியலும் உழவர் வீட்டில் நெடுங்காலம் வேண்டியதாகவே இருந்தது. தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் உதிர்ந்த சருகும் காய்கறித் தோலும் கொல்லைப்புறத்து எருக்குழியில் சேர்ந்தன. கோடையில் வண்டியேறி வயலுக்குச் சென்றன. சிற்றூர்களில் 'குப்பை அடித்தல்' என்றால் வயலுக்கு எருவைக் கொண்டுபோய்க் கொட்டுதல் என்றே பொருள். திருக்குறளின் உழவு அதிகாரம் எருவிடுதலை ஏருழுதலுக்கும் மேலாக வைத்துப் பேசுவது இங்கு எண்ணத்தக்கது.

வீட்டினுள்ளும் ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்த பிறவி ஒன்று காத்திருந்தது. கிழிந்த சேலை தொட்டிலாயிற்று. தொட்டில் நைந்தபின் தலையணைக்குள் திணிக்கப்பட்டது. எஞ்சிய துண்டு அடுப்பங்கரையில் கரித்துணியாயிற்று. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. ஓட்டை விழுந்த குடத்தை அடைப்பவரும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், குடை பழுது பார்ப்பவரும் தெருவழியே குரல் கொடுத்துச் சென்றனர். பழைய இரும்பையும் ஈயத்தையும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்த வணிகரைப் பலர் இன்றும் நினைவில் வைத்துள்ளனர்.

இதனைக் கொண்டு முன்னோர் அனைவரையும் சூழலியல் அறிஞர்கள் என்று கொண்டாடுவது பொருந்தாது. பொருளின் அருமையும் பணத்தின் முடையுமே அவர்களுள் பெரும்பாலோரை அவ்வாறு வாழச் செய்தன. ஊரின் அழுக்கை அகற்றும் வேலையைச் சில மக்கள்மீது மட்டும் சுமத்தி, அதையே காரணமாக்கி அவர்களைத் தாழ்த்திய கொடுமையும் அக்கால வாழ்வின் ஒரு பகுதியே. அது இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. அவ்வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, ஒரு பொருள் கைக்கு வரும்போதே அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் அறிந்து வைத்திருந்த வழக்கமாகும்.

மூன்று குவியல்கள்

இன்றைய வீடொன்றின் குப்பைக்கூடையைத் தரையில் விரித்த பழைய நாளிதழின்மேல் கவிழ்த்துப் பார்த்தால், அதிலுள்ளவை மூன்று குவியல்களாகப் பிரியும். காய்கறித் தோல், மிஞ்சிய உணவு, தேயிலைச் சக்கை, முட்டையோடு, வாடிய பூ ஆகியவை முதற்குவியல். இந்திய நகரங்களின் வீட்டுக் குப்பையில் எடையளவில் ஏறத்தாழப் பாதி இத்தகையதே. இதன் போக்கிடம் மண்.

நாளிதழ், அட்டைப்பெட்டி, கண்ணாடிப் புட்டி, தகர டப்பா, பால் உறை, தண்ணீர்ப் புட்டி ஆகியவை இரண்டாம் குவியல். இவற்றின் போக்கிடம் பழைய பொருள் கடை. அங்கிருந்து அவை தரம் பிரிக்கப்பட்டு, காகித ஆலைக்கும் கண்ணாடி உலைக்கும் பிளாஸ்டிக் உருக்கும் பட்டறைக்கும் செல்கின்றன.

எஞ்சுவது மூன்றாம் குவியல். பிஸ்கட் உறை, நொறுக்குத்தீனிப் பை, ஷாம்பு சாஷே, தேநீர் குடித்த காகிதக் குவளை, உறிஞ்சுகுழல், தெர்மாகோல், மை தீர்ந்த பந்துமுனைப் பேனா ஆகியவை இதில் அடங்கும். எடையிட்டால் இக்குவியலே மிகச் சிறியது. ஆனால், தெருவோரத்திலும் கால்வாயிலும் மாட்டின் இரைப்பையிலும் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. இதற்குப் போக்கிடம் இல்லை.

ஏன் இல்லை என்பது அறியத்தக்கது. நொறுக்குத்தீனிப் பையின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுகிறது. ஒருவகைப் பிளாஸ்டிக் படலத்தின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன்மேல் மற்றொரு பிளாஸ்டிக் படலம், அதன்மேல் அச்சு என அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட பொருள் அது. காற்றும் ஈரமும் புகாமல் காக்க இவ்வடுக்குகள் உதவுகின்றன. ஆனால், ஒட்டியவற்றை மீண்டும் பிரித்தெடுக்க ஆகும் செலவு கிடைக்கும் பொருளின் விலையைவிட மிகுதி. ஆகவே அதனை எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. காகிதக் குவளையின் நிலையும் அத்தகையதே. சூடான தேநீர் ஊறிவிடாதிருக்க அதன் உட்புறம் பாலித்தீன் படலம் பூசப்பட்டுள்ளது. பெயரளவில் காகிதமான அதனைக் காகித வணிகரும் ஏற்பதில்லை, எருக்குழியும் ஏற்பதில்லை.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று பிறக்கிறது. ஒரு பொருளை வாங்கும்முன், 'பயன் தீர்ந்தபின் இதனை மண் ஏற்குமா? அன்றிப் பழைய பொருள் கடைக்காரர் எடையிட்டு வாங்குவாரா?' என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டிற்கும் இல்லை என்பது விடையாயின், அப்பொருள் மூன்றாம் குவியலுக்கு உரியது. உறைமேல் அச்சிடப்பட்ட பச்சை இலைப் படத்தைவிடக் கடைக்காரரின் தராசு நம்பத்தக்க சான்று.

தெரிந்து தெளிவோம்

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துள் 1 முதல் 7 வரை ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும். தண்ணீர்ப் புட்டிகளில் 1, உறுதியான எண்ணெய்க் கேன்களில் 2, உணவுக்கலங்கள் பலவற்றில் 5 ஆகிய எண்களைக் காணலாம். தெர்மாகோல் வகைக்கு 6. பிறவும் கலப்பு வகைகளும் 7. முக்கோணம் இருப்பதனாலேயே அப்பொருள் மறுசுழற்சி செய்யப்படும் என்று கொள்ளலாகாது.

கலப்பதால் கெடுதல்

முதலிரு குவியல்களும் தனித்தனியே இருக்கும்வரை பயனுள்ள பொருள்களே. நாளிதழின்மேல் சாம்பாரைக் கொட்டும் அந்த நொடியில் இரண்டும் கெடுகின்றன. ஈரக் காகிதம் விலைபோகாது. காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்த சோறு எருவாகாது. வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி கூடைக்குள் கலந்த பிறகே குப்பையாகிறது.

கலந்ததன் விளைவைப் பெருநகரக் குப்பைக் கிடங்குகளில் காணலாம். சென்னையில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை 5000 டன்னுக்கும் மேல். பல பத்தாண்டுகளாக அதன் பெரும்பகுதி கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய இரு கிடங்குகளில் கொட்டப்பட்டு மலைபோல் உயர்ந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியுள்ளது. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்புநிலம். பிளாஸ்டிக் பைகளுக்குள் முடிச்சிடப்பட்டு அடியில் புதைந்த உணவுக்கழிவு, காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வளியை வெளியிடுகிறது. புவியை வெப்பமாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் இவ்வளி கரியமிலவாயுவைப் போல் 25 மடங்குக்கும் மேல் ஆற்றலுடையது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றிய தீயை அணைக்கச் சில நாள்கள் ஆயின. அழுகலிலிருந்து கசியும் கருநீர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது.

இப்பழைய மலைகளை இப்போது அகழ்ந்து, உலர்த்தி, பெருஞ்சல்லடைகளில் சலித்து, மண்ணை ஒருபுறமும் பிளாஸ்டிக்கை ஒருபுறமும் பிரிக்கும் பணி நடைபெறுகிறது. இதற்குப் பொறிகளும் ஆட்களும் ஆண்டுகளும் பெரும்பொருளும் தேவைப்படுகின்றன. அடுப்பங்கரையில் இரண்டு வாளிகளை வைத்திருந்தால் செலவின்றி முடிந்திருக்கும் வேலை அது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டிலுண்டாகும் தீங்குதரும் குப்பை என மூன்றாகப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாரையும் கடப்பாட்டுக்கு உள்ளாக்கின. 'பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்' என்பது பலர் கூறும் குறை. சிலவிடங்களில் அது உண்மையே. ஆயினும், அக்குறையைத் துணிந்து கேட்கும் உரிமை பிரித்துக் கொடுப்பவருக்கே உண்டு.

மண்ணுக்குத் திரும்புதல்

முதற்குவியலை வீட்டிலேயே எருவாக்க இரண்டு மண்பானைகள் போதும். பானையின் பக்கங்களில் காற்றுப் புகச் சில துளைகளும் அடியில் நீர் வடிய ஒரு துளையும் இட்டு, அடியில் தென்னைநாரையோ சருகையோ நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அன்றன்று சேரும் காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கி இட்டு, அதனை மறைக்குமளவு காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ தூவ வேண்டும். தொடக்கத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ, ஒரு பிடி பழைய எருவோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சில நாள்களுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிடுதல் நன்று. முதற்பானை நிறைந்ததும் அதனை மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம்.

சருகு ஏன் தேவை என்பதே இதில் உள்ள அறிவியல். காய்கறிக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் மிகுதி. சருகில் கார்பன் மிகுதி. நுண்ணுயிர்களுக்கு இரண்டும் வேண்டும். மேலும், சருகு இடையிடையே இடைவெளி உண்டாக்கிக் காற்றை உள்ளே விடுகிறது. காற்று உள்ள இடத்தில் ஒருவகை நுண்ணுயிர்களும், காற்றில்லாத இடத்தில் வேறுவகை நுண்ணுயிர்களும் வேலை செய்கின்றன. முன்னவை நாற்றமின்றி மட்கச் செய்பவை. பின்னவையே கிடங்குகளில் மீத்தேனையும் நாற்றத்தையும் உண்டாக்குபவை. ஆகவே, பானை நாறினால் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்துவிட்டது என்று அறிந்து சருகு சேர்க்க வேண்டும். எறும்பு மொய்த்தால் உலர்ந்துவிட்டது என்று அறிந்து சிறிது நீர் தெளிக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியின் ஈரமே சரியான ஈரம். மேலே வெண்பூஞ்சை படர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அதுவும் பணியாளே.

முற்றத்தில் பெருங்குவியலாகச் செய்யுமிடத்து நடுப்பகுதி கை வைக்க இயலாத அளவுக்குச் சூடேறும். களைச்செடிகளின் விதைகள் அச்சூட்டில் அழியும். பானையில் அத்துணைச் சூடு பிறப்பதில்லை. அதனால் சற்றுக் காலம் கூடும். ஏறத்தாழ மூன்று மாதத்தில், இட்டது இன்னதென்று அடையாளம் தெரியாத கருநிறத் துகள் கிடைக்கும். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் மணம் அதில் வீசினால் எரு முதிர்ந்துவிட்டது. இரண்டு மணங்களும் ஒன்றே. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பொருளால் பிறப்பவை.

எருவாக்கத் தெரிந்தது உணவை வீணாக்குவதற்கு உரிமம் ஆகாது. ஒரு கிலோ அரிசியை விளைவிக்கப் பல்லாயிரம் லிட்டர் நீர் செலவாகிறது. மிஞ்சிய சோற்றை நீரூற்றிப் பழைய சோறாக்குவது எருவாக்குவதினும் மேலான வழி.

மறுத்தலும் மீட்டலும்

சமையல் எரிவாயு உருளையைத் தெருவில் எறிந்தவர் எவரும் இலர். 20 லிட்டர் தண்ணீர்க் கேனையும் எறிவதில்லை. வெறுங்கலத்தைத் திருப்பிக் கொடுத்தாலன்றி அடுத்தது கிடைக்காது, முன்பணமும் போய்விடும். கோலிசோடாப் புட்டியும் அவ்வாறே. 1872-இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற அப்புட்டியின் வார்ப்பு, நூறாண்டுகளுக்குப் பின்னும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, கைமாறிக்கொண்டிருந்தது. குடித்தவர் கடையிலேயே வைத்துவிட்டுச் செல்வார். மக்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் திரும்பி வரும் வழியையும் சேர்த்தே அமைத்த ஏற்பாடுகள் இவை. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் வீட்டார் தாமே கலத்தைக் கொண்டுசெல்ல வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. அப்பெயரில் ஒரு நுட்பம் உள்ளது. திருமண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் இட்டுத் தந்த மஞ்சள் துணிப்பை, ஒரு காலத்தில் நகரத்தாரால் பட்டிக்காட்டு அடையாளமாக எள்ளப்பட்டது. பையைக் கைவிடச் செய்தது வசதி மட்டும் அன்று, கூச்சமும்தான். இறைச்சிக் கடைக்குத் தூக்குவாளியும், உணவகத்துக்குச் சம்புடமும் கொண்டுசெல்லத் தயங்குவதற்கும் இக்கூச்சமே காரணம். கலத்தை நீட்டினால் கடைக்காரர் மறுப்பது அரிது. முதல்முறை நீட்டுவதுதான் கடினம்.

துணிப்பையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பருத்தி விளைய நீரும் நிலமும் வேண்டும். ஒரு துணிப்பையைப் பல நூறுமுறை பயன்படுத்தினாலன்றி அதனால் சூழலுக்கு ஆதாயமில்லை. இலவசமாகக் கிடைத்த இருபது பைகளை அலமாரியில் அடுக்கி வைப்பது குப்பையைக் குறைத்தல் ஆகாது. துணிபோலத் தோன்றும், கை வைத்தால் நாராகப் பிரியும் வண்ணப்பைகள் சில, துணியே அல்ல. பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்.

சாஷேக்களைப் பற்றிப் பேசும்போது நடுவுநிலை வேண்டும். ஷாம்புவைச் சிறு உறையில் விற்கும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். புட்டியை வாங்க இயலாத கூலித்தொழிலாளியும் சில்லறைக் காசுக்கு அப்பொருளைப் பெறமுடியும் என்பது அவர் கருத்து. நாட்கூலியில் வாழ்பவர் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று வாங்குவதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆழாக்கில் அளந்து எண்ணெயை ஊற்றிக் கொடுத்த பழைய மளிகைக் கடை, சிறுகச் சிறுக வாங்குபவருக்கும் உறையின்றியே விற்றது. மாற வேண்டியது வாங்குபவரின் வறுமையைக் காட்டிலும் விற்பவரின் முறை. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், உறைகளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்களே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று கூறுவது இக்காரணம் பற்றியே.

மாணவரின் பையிலும் மூன்றாம் குவியலைக் குறைக்க இடமுண்டு. மைப்பேனா ஒன்று பள்ளி வாழ்க்கை முழுமைக்கும் உழைக்கும். ஆண்டு முடிவில் குறிப்பேடுகளில் எஞ்சும் வெற்றுத்தாள்களைச் சேர்த்துத் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ஏடு ஆயத்தம். அறுந்த பல்லிணைப்புக்காகப் புதுப்பை வாங்காமல் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுப்பதனால் பையும் பிழைக்கிறது. ஒரு தொழிலும் பிழைக்கிறது.

கடைசியில் எஞ்சுவது

எவ்வளவு குறைத்தாலும் மூன்றாம் குவியல் முற்றும் ஒழிவதில்லை. மாத்திரை அட்டை, மின்கலம், எரிந்துபோன விளக்கு, உடைந்த கண்ணாடி, சவர அலகு, மாதவிடாய் அணையாடை ஆகியன எஞ்சவே செய்யும். இவற்றைக் கொளுத்திவிடுவது தீர்வன்று. போகி நாளில் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதால் எழும் புகையும் பனியும் கலந்து, 2018-இல் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் திரும்பின. பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் எனப்படும் நச்சுப்பொருள் உண்டாகிறது.

எஞ்சிய இப்பொருள்களைத் தொடும் கை ஒன்று உண்டு. கையுறை இருந்தும், கண்ணாடிச் சில்லும் ஊசியும் அதனைக் கிழித்துவிடுகின்றன. காயம் பட்டால் தூய்மைப் பணியாளருக்கு அன்றைய வேலையும் கூலியும் சேர்ந்தே போகக்கூடும். உடைந்த கண்ணாடியைத் தடித்த நாளிதழில் பல மடிப்பாகச் சுற்றி, 'கண்ணாடி' என்று மேலே எழுதித் தனியே கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். ஊசியையும் சவர அலகையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்தபின் ஒப்படைக்கலாம். மின்கலத்தையும் விளக்கையும் மற்றவற்றோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். அணையாடைக்கு மாற்றாகத் துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடையும், பல ஆண்டுகள் உழைக்கும் மாதவிடாய்க் குப்பியும் உள்ளன. எதனைக் கொள்வது என்பது அவரவர் உடல்நலமும் நீர்வசதியும் பொறுத்தது. எறியும் வகையைப் பயன்படுத்துவோர் அதனைத் தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் நகரங்கள் சிலவற்றில் பரவியுள்ளது. அப்புள்ளியைக் கண்ட பணியாளர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்து, அதனைத் தனிப்பையில் இட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்கிறார்.